செவ்வாய் லோடு

வேலந்தாவளம் சோதனைச் சாவடியில்
மாட்டு லாரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது
காகிதத்தைப் பொறுத்தது.
சீல் தெளிவாக விழுந்திருந்தால் கால் மணி.
இல்லையென்றால் விடியும்வரை.
நிற்கிற மாடு சாணி போடும்.
அதை ரோட்டிலிருந்து தள்ள எனக்குத் தினக்கூலி.

எங்கே தள்ளுவது என்று
உத்தரவில் எழுதவில்லை.
சிவதாசன் சாரும் சொல்லவில்லை.
ஆகவே அது என் வீட்டுக்குப் போகிறது,
பெயிண்ட் வாளியில், மொபெட்டின் முன்னால்,
என் முழங்கால்களுக்கு நடுவே.

வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட்.
பழைய ரோட்டைப் பெயர்த்த வருஷம்
தார்க்கட்டிகளை அங்கேதான் கொட்டினார்கள்.
கடப்பாரையை ஓங்கிப் போட்டால்
'ணங்' என்று திருப்பி அனுப்பும்.
கீழே போக வழியில்லாமல் மேலே போனேன்.
வாடல் நோயில் சாய்த்த தென்னை மரங்களை
எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார் தோப்புக்காரர்.
உருட்டிவந்து நாலு பக்கமும் அணைகட்டி
முழங்கால் உயரத்துக்கு மூன்று பாத்தி.
அடியில் மட்டையும் சருகும்.
அதன் மேல் ஓடை மண்.
அதன் மேல் செவ்வாய்க்கிழமை.

முதல் வருஷம் அவசரம்.
வாளியில் வந்ததை அப்படியே பரப்பி
கத்தரி நாற்று நட்டேன்.
நாலாம் நாள் இலையோரம் கருகி
எல்லாம் குனிந்து நின்றன,
வரிசையாக நிறுத்தி யாரோ திட்டியது போல.
அறுபத்திரண்டு நாற்று.
ஒன்று ஒன்றரை ரூபாய்.
கணக்கை இன்னும் மறக்கவில்லை.

அதிலிருந்து குவித்து வைக்கிறேன்.
ஒரு அடுக்கு சாணி, ஒரு அடுக்கு தென்னஞ்சோகை.
பொறுக்கி எறிய வேண்டியதும் இருக்கும்:
நைலான் கயிறு, பால் கவர்,
ஒருமுறை ஒரு சட்டைப் பொத்தான்,
தைத்த நூல் அறாமல்.
யார் சட்டையைத் தின்றாய் என்று
கேட்பதற்கு அந்த மாடு இல்லை.

லாரி போய்ச் சேரும் ஊர்களின் பெயர் தெரியும்.
சேர்ந்த பிறகு நடப்பதும் தெரியும்.
வியாழக்கிழமை குவியலுக்குள் கையை விட்டால்
முழங்கை வரை சூடு,
ஈனமுடியாத பசுவுக்குள் கைவிட்டது போல.
செவ்வாய் இரவே போய்விட்டவை அவை.
சூடு மட்டும் இங்கே நின்றுவிட்டது,
காகிதம் சரியில்லாதது மாதிரி.

போன தை மாதம்
தண்டங்கீரைப் பாத்தியின் ஓரத்தில்
நான் போடாத நாற்று.
பிடுங்கப் போனவள் விரலை மோந்தேன்.
தக்காளி.

அடுத்த லோடில் டிரைவர் மஸ்தானய்யாவிடம் கேட்டேன்.
அரைத் தமிழில் சொன்னான்:
மதனப்பள்ளிப் பக்கம் விலை விழுந்து
பறிகூலிக்கே கட்டாமல் போனபோது
மாட்டை வயலுக்குள் அவிழ்த்துவிட்டார்களாம்.
மூன்று நாள் தின்றனவாம், மூக்கெல்லாம் சிவக்க.
அடுத்த வாரம்
மாட்டையும் விற்றுவிட்டார்களாம்.

நாலு வயிற்றைத் தாண்டி,
குவியலில் சூடு எட்டாத விளிம்பில் கிடந்து,
பதினொரு செடி.
குச்சி நட்டுக் கட்டினேன்,
பொறுக்கி எறிந்த அதே நைலான் கயிற்றால்.

சிவதாசன் சார் இரண்டு கிலோ வாங்கினார்.
கிலோ நாற்பது; இருபதாக இருந்தாலும் வாங்கியிருப்பார்,
ஐம்பது சொல்லியிருக்கலாம்.
"இதேது இனம்?" என்றார்.
லோடு தக்காளி என்றேன்.
பதிவேட்டில் எழுதப்போகிறவர் போல
ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.
தோல் தடிமன். புளிப்பு கொஞ்சம் கூட.
ரசத்துக்கு ஒன்று போதும்.

இன்று வெள்ளி.
புதுக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தேன்.
இன்னும் ஆறவில்லை.
வெண்டை விதையை முடிச்சிலேயே வைத்துவிட்டு
வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன்.
ராத்திரி இரண்டு லாரி வருகிறதாம்.
ஒன்றுக்குக் காகிதம் இல்லையாம்.